வாசகர் கேள்வி – பதில்: சென்னை விமானம், நான்கு மணி நேரமா, ஏழு மணி நேரமா?

கேள்வி: சென்னையில் இருக்கும் என் அம்மாவை முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு அழைத்து வரவிருக்கிறேன். பயணச்சீட்டைப் பார்த்தால், இங்கிருந்து இரவு 8.00 மணிக்குக் கிளம்பும் விமானம் 9.35க்கே சென்னையை அடைந்துவிடுகிறது. அங்கிருந்து இரவு 11.00 மணிக்குக் கிளம்புவதோ மறுநாள் காலை 5.45க்குத்தான் சாங்கியில் இறங்குகிறது. ஒரே தூரத்துக்கு ஏன் இத்தனை வேறுபாடு? முழங்கால் வலி உள்ள அம்மா உண்மையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்? – ஈசூன் வாசகி

பதில்: பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. போகும்போது அதைக் கூட்டியும் வரும்போது கழித்தும் பார்த்தால், நீங்கள் குறிப்பிட்ட பயணங்கள் முறையே 4 மணி 5 நிமிடமும் 4 மணி 15 நிமிடமும் ஆகின்றன. அம்மா உட்கார வேண்டியதும் நாலேகால் மணி நேரம்தான். ஏழு மணி நேரமல்ல.

இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான நேர்த்தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். (திருச்சி தெற்கே இருப்பதால் இன்னும் பக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள், அது மேற்கே தள்ளியிருப்பதால் தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கூடுகிறது.) மலாக்கா நீரிணை, சுமத்ராவின் வடகோடி, நிக்கோபார் தீவுகளின் சுற்றுப்புறம் ஆகியவற்றைக் கடந்தபின் எஞ்சிய வழி முழுவதும் வங்கக்கடல்தான். மணிக்கு 870 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 3 மணி 20 நிமிடத்தில் சேர்ந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அட்டவணையில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மறுமுனையில் வந்து நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மெல்ல உயரம் ஏறி இறங்குவதும், நெரிசல் வேளையில் வானத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பதும் அதில் அடக்கம்.

காற்றின் பங்கையும் சொல்லியாக வேண்டும். கிழக்கு நோக்கிப் பறந்தால் விரைவில் சேரலாம் என்பது டோக்கியோ போன்ற வடபகுதி நகரங்களுக்குப் பொருந்தும். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து வீசும் வன்காற்று, இங்கிருந்து செல்லும் விமானத்தை உந்தித் தள்ளி, திரும்பும் விமானத்தைத் தாமதப்படுத்துகிறது. நம் சென்னை வழியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை நேர்மாறானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, 12 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து ஒரு வேகக்காற்று வீசுகிறது. 1950களில் அதை ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அதன் கீழ்விளிம்பு விமானங்கள் பறக்கும் உயரத்தையும் எட்டுவதால், சென்னை செல்வோருக்கு அது துணையாகவும் சிங்கப்பூர் வருவோருக்கு எதிராகவும் அமைகிறது. வழிநெடுக மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினாலே, இரு திசைகளுக்கும் இடையே ஏறத்தாழ 20 நிமிட வேறுபாடு வந்துவிடும்.

முழங்கால் வலிக்கு நடைபாதையோர இருக்கை நல்லது. இருக்கைவார் விளக்கு அணைந்திருக்கும் வேளைகளில், கடலுக்கு மேலே பறக்கும் நேரத்தில், இரண்டொரு முறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். ஆனால் நான் அதிகம் யோசிப்பது அவர் தூக்கத்தைப் பற்றித்தான். சாங்கியில் காலை 5.45 என்பது அம்மாவின் உடலுக்குப் பின்னிரவு 3.15. பகல் நேர விமானத்தில் இடம் கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால், அவர் வந்திறங்கும் நாளில் உறவினர் வீட்டு விருந்து எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.