சின்ன விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடுவது ஏன்? பிரேக் கோளாறா?

பெரும்பாலும் பிரேக் இல்லை, வேகம்தான். நீங்கள் இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் என்பதால், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றையே எடுத்துக்கொள்வோம். காற்றைப் பொறுத்து 60 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு 10 நாட் காற்று எதிரே வீசினால் தரைவேகம் 50. அதுவே பின்னாலிருந்து தள்ளினால் 70. இருபதுதானே என்று தோன்றும். ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

அப்புறம், வேகம் கூடினால் சக்கரம் தொடாமல் மிதந்துகொண்டே போகும். அதற்குள் பாதிப் பாதை காலி. தொட்ட பிறகும் இறக்கையில் தூக்குவிசை மிச்சமிருந்தால், பிரேக்கை மிதித்தாலும் டயர் வழுக்கத்தான் செய்யும். ஐப்பசி மழை ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் முதல் மூன்றில் ஒரு பங்குப் பாதைக்குள் தொடாவிட்டால் திராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோல்) தள்ளி மேலேறி, ஒரு சுற்று சுற்றி வரச் சொல்லித் தருகிறார்கள். கூச்சப்பட்டு அதைச் செய்யாதவர்களே அதிகம் மாட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.