எக்ஸாஸ்டில் விரிசலா, சென்சாரில் கோளாறா?

கேள்வி: நானே கட்டிய ஆர்.வி-9ஏ விமானம், லைகாமிங் ஓ-320 எஞ்சின். சில வாரமாக 3-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகை) வெப்பம் வழக்கத்தைவிட 60 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகக் காட்டுகிறது. எஞ்சின் சத்தமும் மாறியிருக்கிறது. ஹீட்டரைத் திறந்தால் லேசாகப் புகை வாடை. சென்சாரை மாற்றினால் போதுமா? (வாசகர், டெக்சாஸ்)

பதில்: போதாது. காரணம் தெரியும்வரை பறக்காதீர்கள். எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியிருக்கும் தகட்டு உறையில் சூடாகும் காற்றுதான் ஹீட்டர் வழியே உள்ளே வருகிறது. உறைக்குள் குழாயில் விரிசல் விட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடும் அதோடு சேர்ந்தே வரும். அந்த வாயுவுக்கு வாடை கிடையாது. நீங்கள் முகர்ந்தது உடன் வரும் மற்றப் புகையை.

எஞ்சின் ஆறியதும் கவுலிங்கையும் (எஞ்சின் மூடி) ஹீட்டர் உறையையும் கழற்றுங்கள். டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துக்கொண்டு சிலிண்டர் ஃபிளேஞ்ச் (குழாய் சிலிண்டரோடு சேரும் விளிம்பு), சென்சார் துளை, வெல்டிங் ஓரங்கள், வளைவுகள் எல்லாவற்றையும் பாருங்கள். வாயு கசியும் இடத்தில் வெளிர்சாம்பல் நிறக் கோடு படிந்திருக்கும். கவுலிங்கின் உட்புறம் பெயின்ட் கருகியிருந்தால் அதற்கு நேர் எதிரே தேடுங்கள். சந்தேகமான இடத்தைப் பென்சிலால் குறிக்கவே கூடாது: சூட்டில் அந்தக் கார்பன் உலோகத்துக்குள் ஏறி, அங்கேயே புது விரிசலைத் தொடங்கிவைக்கும்.

கண்ணுக்குத் தெரியாததைக் காற்று காட்டும். இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் முனையை வால்குழாயில் (எக்ஸாஸ்டின் கடைசிக் குழாய்) துணி சுற்றிப் பொருத்தி, சோப்பு நீர் தெளியுங்கள். கம்ப்ரசர் வேண்டாம், இந்த அழுத்தமே போதும். இரண்டு வால்குழாய் இருந்தால் இரண்டிலும் செய்யுங்கள். ஸ்லிப் ஜாயின்ட்டில் (ஒன்றுக்குள் ஒன்று நழுவும் குழாய் இணைப்பு) சிறு நுரை வருவது இயல்பு, சூடாகி விரிந்ததும் அது அடைபடும். ஃபிளேஞ்சிலோ வெல்டிங்கிலோ நுரை வந்தால் அது கோளாறுதான். கார்புரேட்டர் பக்கம் சீறல் கேட்டால் அந்த நிலையில் ஏதோ ஒரு சிலிண்டரில் இரு வால்வுகளும் திறந்திருக்கின்றன என்று பொருள். புரொப்பெல்லரை, எந்த நேரமும் ஸ்டார்ட் ஆகக்கூடும் என்ற எச்சரிக்கையோடு, சற்றுத் திருப்பி மறுபடி பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் 3-ஆம் சிலிண்டரின் ஃபிளேஞ்ச் கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) மேல்தான். சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறையும். அடுத்தது சென்சார் துளையின் ஓரம். ஸ்பார்க் பிளக் ஒன்று செத்திருந்தால் அளவு ஏறும், இறங்காது. அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம். குழாயில் குறையே இல்லை என்று உறுதியான பிறகுதான் 1, 3 சென்சார்களை இடம் மாற்றி, தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். குறைவு சென்சாரோடு 1-க்குப் போனால் மட்டுமே சென்சார் குற்றவாளி.

கேள்வி: விரிசல் இருந்தால் வெல்டிங் செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்ட முறை), அதுவும் குழாயின் உள்ளேயும் ஆர்கான் நிரப்பித்தான். 321 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்க்கு 347 ரக வெல்டிங் கம்பி. சுவர் மெலிந்து உப்பியிருந்தால் அந்தத் துண்டையே மாற்றுங்கள். ஒட்டுவதற்கு முன் ஏன் விரிசல் விட்டது என்று பாருங்கள்: எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் ஆடுகிறது, வால்குழாயின் தாங்கியை ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் இடையிலுள்ள தடுப்பு) இறுக்கியிருந்தால் குழாய் ஆட முடியாமல் முறிகிறது. தாங்கியை எஞ்சினிலேயே பொருத்துங்கள். இறுகிப்போன ஸ்லிப் ஜாயின்ட்டும் இதே வேலையைச் செய்யும். கழற்றிச் சுத்தம் செய்து, அதிவெப்ப ஆன்டி-சீஸ் (இறுகாமல் தடுக்கும் பசை) தடவி, கையால் அசையும்படி மாட்டுங்கள்.

காக்பிட்டில் நிறம் மாறும் அட்டையை நம்பாமல், ஒலி எழுப்பும் எலெக்ட்ரானிக் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். அது ஒலித்தால் ஹீட்டரை மூடி, வெளிக்காற்றைத் திறந்து, அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்கிவிடுங்கள்.