1972 செவ்ரோலே நோவாவில் கியர் ஆயில் குறைகிறது, கீழே ஒழுகல் இல்லை. என்ன கியர்பாக்ஸ், ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) போடலாமா?

முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைப் (பேன்) பாருங்கள். சதுரமாக இருந்து ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல், 13 போல்ட்டுகளோடு இருந்தால் அது டிஎச்350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டிஎச்400-க்கும் 13 போல்ட்தான், ஆனால் தட்டு கோணல்மாணலாக இருக்கும். 14 போல்ட் என்றால் இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு.

டிஎச்350 என்று வைத்துக்கொண்டால், ஒழுகாமல் ஆயில் குறைவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது வேக்குவம் மாடுலேட்டரைத்தான்; இன்ஜினின் உறிஞ்சு விசையை வைத்துக் கியர் மாறுவதைக் கட்டுப்படுத்தும் பாகம் அது. கியர்பாக்ஸின் வலது பக்கம் பின்புறமாக, சின்ன டப்பா போல இருக்கும். அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். சிவப்பு ஆயில் ஈரம் தெரிந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்துவிட்டது. இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. வெள்ளைப் புகை வந்தாலும், கியர் தாமதமாக உதறி மாறினாலும் அதனால்தான். ஒரே போல்ட்டில் நிற்கும் மலிவான பாகம் அது. தயவுசெய்து இதைப் பார்க்காமல் கியர்பாக்ஸைப் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்!

அப்புறம் ஓவர்டிரைவ். 1982-இல் வந்த 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் நல்ல தேர்வு. முதல் கியர் விகிதம் 3.06, நான்காவது 0.70; நெடுஞ்சாலையில் இன்ஜின் சுழற்சி 30 சதவீதம் குறையும். பின்முனைக் கூடு குட்டையான டிஎச்350-ஐவிடச் சுமார் 3 அங்குலம் நீளம் என்பதால் பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்டை வெட்டிச் சுருக்க வேண்டிவரும். கார்புரேட்டரோடு சேரும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளைச் சரியாக அமைக்காமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஆயில் அழுத்தம் குறைந்து கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்சுகள் சீக்கிரமே கருகிவிடும்.