பழைய டிரெய்லருக்குப் புது பேட்டரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1973 ஏர்ஸ்ட்ரீம் வைத்திருக்கிறோம் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் டிரெய்லர்). இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. எந்த பிராண்ட் உழைக்கும்?

பிராண்டை விடுங்கள். டிரெய்லருக்குள் எங்காவது ஒரு பெட்டி 'ம்ம்ம்' என்று முனகுகிறதா? அதுதான் கன்வெர்ட்டர். கேம்ப்கிரவுண்டின் 120 வோல்ட்டை 12 ஆக்கி பேட்டரியையும் சார்ஜ் செய்வது அதுதான். அந்தக் காலத்துக் கன்வெர்ட்டருக்கு பேட்டரி நிரம்பிவிட்டது என்று தெரியாது. வீட்டு வாசலில் மாதக்கணக்கில் பிளக்கில் கிடந்தால், அடுப்பில் மறந்துவைத்த பால் மாதிரி உள்ளே தண்ணீர் வற்றி, தகடு வெளியே தெரியும்.

டிரெய்லரைப் பிளக்கில் போட்டுவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். நிரம்பிய லெட்-ஆசிட் பேட்டரிக்கு 13.2 முதல் 13.6 வோல்ட் போதும். மறுநாளும் 14-க்கு மேலேயே நின்றால் ஆள் அகப்பட்டது. மூன்று கட்டமாகச் சார்ஜ் செய்யும் புது கன்வெர்ட்டரை முதலில் போடுங்கள். பேட்டரி அப்புறம். இல்லாவிட்டால் மூன்றாவதும் போகும்.

கேள்வி: கார் பேட்டரியே போதும், விலையும் குறைவு என்கிறார் நண்பர்.

காருக்குப் போதும். அதன் மெல்லிய தகடுகள் இன்ஜினைக் கிளப்பும் சில நொடி வேகத்துக்குச் செய்தவை. இரவெல்லாம் விளக்கெரித்து வடித்தால் சீக்கிரம் படுத்துவிடும். மெதுவாக, நிறைய வடிக்கத் தாங்கும் 'டீப் சைக்கிள்' கேளுங்கள். 'மரைன்' என்று ஒட்டியிருப்பதில் பாதி இரண்டுங்கெட்டான். லேபிளில் ஆம்பியர்-மணி (எத்தனை ஆம்பியர் எத்தனை மணி நேரம் தரும் என்ற கொள்ளளவு) போடாமல், கிராங்கிங் ஆம்ப்ஸ் (இன்ஜினைக் கிளப்பும் வேகம்) மட்டும் போட்டிருந்தால் வாங்க வேண்டாம்.

கேள்வி: குரூப் 24 அளவு 12 வோல்ட் பேட்டரி ஒன்று போதுமா, இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி போடலாமா? கரன்ட் இல்லாத இடத்தில்தான் தங்குவோம்.

கணக்குப் போடுவோம். பழைய டிரெய்லரில் பெரும்பாலும் 1141 நம்பர் குண்டு பல்புதான், ஒன்றுக்கு சுமார் 1.4 ஆம்பியர். நான்கு பல்பு நான்கு மணி நேரம் எரிந்தால் 22 ஆம்பியர்-மணி. குளிர் இரவில் ஃபர்னஸ் (ஹீட்டர்) விசிறி மொத்தம் நான்கு மணி நேரம் ஓடினால், 6 ஆம்பியர் வீதம் இன்னொரு 24. ஆக 46. குரூப் 24 பேட்டரியில் இருப்பது சுமார் 80. லெட்-ஆசிட்டைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, எனவே கையில் இருப்பது 40. விடிவதற்குள் காலி.

இப்போது பல்புகளை மட்டும் எல்இடிக்கு மாற்றுங்கள். அந்த 22 வெறும் மூன்று நான்காகிவிடும். அதே பேட்டரி ஓர் இரவைத் தாண்டும். ஒரே ஊரில் இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு கோல்ஃப் கார்ட் ஜோடிதான் என் தேர்வு: வரிசையாக இணைத்தால் 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணிக்கு மேல். ஆனால் இரண்டும் சேர்ந்து 55 கிலோவுக்கு மேல். அத்தனையும் டிரெய்லரின் மூக்கில் உட்காரும். பழைய பேட்டரித் தட்டு துருப்பிடித்திருந்தால் முதலில் வெல்டரைப் பாருங்கள்.

கேள்வி: லித்தியம்?

காசு இருந்தால் தாராளமாக. 100 ஆம்பியர்-மணியில் கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம், எடை 11 முதல் 14 கிலோ. ஆனால் அதற்கேற்ற கன்வெர்ட்டர் வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது, அதனால் மினசோட்டா மாதிரி குளிர் ஊர்க்காரர்கள் வெளித்தட்டில் வைக்காமல் உள்ளே வையுங்கள். சாதாரண தண்ணீர் பேட்டரியை (லெட்-ஆசிட்) மட்டும் கட்டிலடியில் வைத்துவிடாதீர்கள். சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை விடும்.

கேள்வி: எங்கு போனாலும் பிளக் உண்டு. பேட்டரியே இல்லாமல் ஓட்டினால்?

கூடாது. வண்டியிலிருந்து டிரெய்லர் கழன்றால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் சுவிட்சுக்கு அந்த பேட்டரிதான் உயிர்.

கேள்வி: புது பேட்டரி மாட்டியதும் ஃபியூஸ் போய்விட்டது. ஏன்?

கறுப்பு வயரை மைனஸில் மாட்டினீர்களா? கார் பழக்கம். டிரெய்லர்களில் பெரும்பாலும் கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். நானும் ஒருமுறை இப்படித்தான் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஃபியூஸ் தேடி ஊரைச் சுற்றினேன். ஐம்பது வருட வண்டியில் யார் என்ன நிறத்தில் ஒட்டுப்போட்டார்களோ! நிறத்தை நம்பாமல், பழைய பேட்டரியைக் கழற்றும் முன்பே எந்த வயர் எதில் இருந்தது என்று டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.