ஒன்பது பேரில் மூத்தவள்

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கும் சொந்த ஊர் கீழக்கரைதான். கல்யாணமாகி சார்ஜாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒன்பது வயதில் மகள், நான்கு வயதில் மகன். இந்த இரண்டு பேரையும் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, தூங்க வைப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிடுகிறது. என் உம்மம்மா பத்துப் பெற்று வளர்த்தவர். இப்போது ஊரிலிருந்து போன் வந்தாலே மூன்றாவது பற்றித்தான் பேச்சு. "ரிஸ்க் (வாழ்வாதாரம்) அல்லாஹ் தருவான், நீ ஏன் யோசிக்கிறாய்" என்கிறார்கள். அமெரிக்காவில் ஆமிஷ் கிறிஸ்தவர்களும், இஸ்ரேலில் மதப்பற்றுள்ள யூதர்களும் இன்றைக்கும் ஆறு, ஏழு என்று பெறுகிறார்களாம். அவர்களால் எப்படி முடிகிறது? எங்களுக்குத்தான் ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துவிட்டதா?

உங்கள் தங்கை

*

அன்புள்ள தங்கச்சி,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, குறையவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே இப்படி ஒரு கவலை உங்களுக்கு வருகிறதென்றால், ஈமான் பத்திரமாகத்தான் இருக்கிறது.

உங்கள் உம்மம்மா பத்துப் பெற்றார், சரி. ஆனால் அந்தப் பத்துப் பேரையும் அவர் ஒருவரே வளர்த்தாரா? அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். அது பெரும்பாலும் தாய்வீட்டிலேயே ஒரு பகுதியாகவோ அடுத்த வாசலாகவோ இருக்கும். ஒரு தெருவில் உம்மா, அவருடைய அக்கா தங்கைகள், அவர்கள் பெண்கள் என்று வரிசையாக இருப்பார்கள். ஆண்கள் கொழும்பிலோ சென்னையிலோ வியாபாரம் பார்க்க, ஊர் பெண்கள் கையில் இருந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் பிள்ளை அடுத்த வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தூங்கிவிடும். தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.

சார்ஜாவில் உங்கள் பிளாட்டில் அந்தத் தெரு இல்லை. உங்களுக்கு மூச்சு முட்டுவது அதனால்தான்.

நாங்கள் ஒன்பது பேர். நான் ஆறாவது. வாப்பாவுக்குக் கொழும்பில் கடை. ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் அது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பணம் வந்தால் வரும், சில மாதம் வராது. வராத மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது தெருமுனை மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டு. நீள வாக்கில் மடித்த, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை ஏறிய நோட்டு. அரிசி, தேங்காய் எண்ணெய், சீனி என்று ஒரு பக்கம் நிரம்பியதும் கூட்டி, கீழே ஒரு கோடு போட்டு, மறுபக்கம் போவார். ஆறு மாதம் ஆனாலும் வீட்டு வாசலில் வந்து நின்றதில்லை. பெருநாளைக்கு ஒரே பீஸ் துணி எடுத்து, ஆண்பிள்ளைகளுக்குச் சட்டை, பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை தைப்பார்கள். ஜகாத், ஃபித்ரா, தர்மம் என்று எங்களைவிடக் கஷ்டப்பட்டவர்களுக்குப் போய்ச் சேரவும் வழி இருந்தது. ரிஸ்க் என்று பெரியவர்கள் சொன்னது இத்தனை கைகள் வழியாகத்தான் வந்தது.

ஆனால் அந்தக் கைகளிலேயே முக்கியமான கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் லாத்தா.

அவள் மூத்தவள், எனக்குப் பத்து வயது பெரியவள். ஐந்தாவது முடித்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்போது நான் கைப்பிள்ளை. எனக்குப் பிறகு இன்னும் மூன்று பேர். மதியம் எங்கள் எல்லோருக்கும் ஒரே சகன், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. வட்டமாக உட்காருவோம். லாத்தா சோற்றைக் கொட்டி, ஆணம் ஊற்றுவதற்கு முன் விரலால் கோடு கிழித்துப் பங்கு பிரிப்பாள். நடுவில் இருக்கும் மீனைப் பிய்த்து, முள் பார்த்து, ஒவ்வொருவர் பக்கமும் தள்ளுவாள். சின்னவர்களுக்கு வயிற்றுப் பக்கத்துச் சதை. அவளுக்குத் தலை. "எனக்குத் தலைதான் பிடிக்கும்" என்பாள், நாங்களும் நம்பினோம். எனக்கு அ, ஆ எழுதச் சொல்லித்தந்ததும் அவள்தான், சகன் கழுவிக் கவிழ்த்த அதே தரையில். பதினேழு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மாவின் கடைசிப் பிள்ளையும் லாத்தாவின் முதல் பிள்ளையும் ஒரே தொட்டிலில் மாறி மாறித் தூங்கினார்கள். நான் கல்லூரிக்குப் போனேன். அவள் அந்த அடுப்படியை விட்டு எங்கும் போகவில்லை.

பெரிய குடும்பத்தைப் புகழ்ந்து யாராவது பேசினால் என் மனசு அந்தச் சகனுக்குப் போய்விடும். அந்த வீட்டில் அன்பு இருந்தது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். அதற்கான விலையை மூத்த பெண்பிள்ளையிடமிருந்து, அவளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டோம் என்பதும் உண்மை.

நம் ஊர் மட்டும் இப்படி இல்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் முன்பு இப்படித்தான். பையன்கள் பெரியவர்களானால் வீட்டுக்கு வரும் பங்கு கூடும், அதுவரை அக்காமார்தான் தூக்கிச் சுமக்க வேண்டும். இப்போது அங்கேயும் இரண்டு, மூன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அது முடிவதற்குள் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் நேரம் வந்துவிடும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த தாய் நாலாவதை நினைக்க மாட்டாள்.

நீங்கள் கேட்ட ஆமிஷ்காரர்களைப் பாருங்கள். ஆஸ்பத்திரிச் செலவு பெரிதாக வந்தால் சபையே பிரித்துக்கொள்கிறது. களஞ்சியம் எரிந்துபோனால் ஊரே கூடி வந்து கட்டித் தருகிறது. ஆனால் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாதென்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருபத்தொரு வயது வரை சம்பளத்தைப் பெற்றோரிடம் கொடுப்பது அங்கே வழக்கம். நீங்கள் சொன்ன மதப்பற்றுள்ள யூதர்கள், அதாவது இஸ்ரேலின் ஹரேதி யூதர்களுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைக்கு மேல். கெமாக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வட்டியில்லாக் கடன் கொடுப்பார்கள். தொட்டில், கல்யாண உடைகூட இரவல் கிடைக்கும். நம் பைத்துல்மால் என்னும் பொது நிதியும், கர்ளு ஹஸன் என்னும் வட்டியில்லாக் கடனும் நினைவுக்கு வருகிறதா? கூடவே பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தருகிறது. 2003இல் அதை வெட்டியபோது பெரிய குடும்பங்கள்தான் அதிகம் அடிபட்டன. ஆண் அவர்கள் வேதமான தோராவை ஓதிக்கொண்டிருக்க, சம்பாதிக்கப் போவது பல வீடுகளில் பெண். ஆக, அவர்களும் வெறும் நம்பிக்கையை மட்டும் வைத்து வளர்க்கவில்லை. பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது, அதில் யாரோ ஒருவர் தன் பங்கைவிடக் கூடுதலாகச் சுமக்கிறார்.

"வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்லாதீர்கள், அவர்களுக்கும் உங்களுக்கும் நாமே உணவளிக்கிறோம்" என்ற கருத்தில் வரும் வசனத்தைத்தான் உங்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள். நானும் அதை நம்புகிறேன். அதே குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தையும் அவர்களுக்கு ஓதிக் காட்டுங்கள். பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தகப்பன் பொறுப்பு, யாரையும் அவர் சக்திக்கு மேல் சிரமப்படுத்தக் கூடாது, பிள்ளையை வைத்துத் தாயைத் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. இதை ஏன் யாரும் போனில் சொல்வதில்லை?

இன்னொன்று. நீங்கள் தனியாக வழி தவறிவிடவில்லை. 1992-93இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 பிள்ளைகள். 2019-21இல் அது 2.4 ஆகிவிட்டது. தொழுகையையும் நோன்பையும் யாரும் விட்டுவிடவில்லை. பெண்பிள்ளைகள் படித்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன். அது நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்வது. வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால், இரவுப் பாத்திரத்தில் பாதி அவர் கைக்குப் போகட்டும். பக்கத்தில் நம் ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேரோடு பிள்ளை பார்க்கிற ஏற்பாடு ஒன்று செய்துகொள்ளுங்கள். ஆனால் தங்கச்சி, உங்கள் ஒன்பது வயது மகளைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். தம்பியோடு விளையாடட்டும், ஒருவாய் ஊட்டியும் விடட்டும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தம்பியைத் தூக்கும் நிலைமை அவளுக்கு வரக்கூடாது.

உங்கள் கடிதத்தை நேற்று லாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுபது வயதாகிறது, முழங்கால் வலி, நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். ஆமிஷ், யூதர் எதையும் அவள் காதில் வாங்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"அந்தப் புள்ள பெத்தா, நாப்பது நாளு கூட இருந்து பாக்க அங்க யாரு இருக்கா?"

எனக்குத் தெரியாது என்றேன். கேட்டு எழுதச் சொன்னாள். எழுதுங்கள்.

அன்புடன்,
காக்கா