முதல் பத்து யோசனையைத் தாண்டுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மாதம் ஒருமுறை எட்டுப் பேரை உட்காரவைத்து, "மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்கிறார்கள். இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போன மாதம் சொன்னதேதான் மிஞ்சுகிறது. தவறு எங்கே?

பதில்: ஆட்களிடம் இல்லை, முறையில் இருக்கிறது. கூடிப் பேசி யோசனை திரட்டும் வழக்கத்தைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கூடிப் பேசிய நான்கு பேரைவிட, தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் பட்டியல்களைச் சேர்த்தபோது கூடுதல் யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் சொல்ல வந்தது மறந்துபோகும். இல்லையென்றால், "இதைப் போய்ச் சொல்லணுமா" என்று தானே வெட்டிவிடுவார்.

அதனால் வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள். 1968இல் பெர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் சொன்ன 6-3-5 முறை இதுதான்: ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். ஆளுக்கொரு ஏ4 தாளில் மூன்று பத்தி, ஆறு வரிசை கட்டம் போடுங்கள். மேலே கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் முதல் வரிசையை நிரப்பி, தாளை வலப்பக்கம் தள்ள வேண்டும். அடுத்தவர் அதைப் படித்து, அதன்மேல் கட்டியோ அதிலிருந்து விலகியோ இரண்டாவது வரிசையை நிரப்புவார். அரை மணியில் 108 கட்டம் நிரம்பிவிடும். நீங்கள் எட்டுப் பேர் என்பதால் நான்கு நான்காகப் பிரியுங்கள். நான்கு சுற்று, இருபது நிமிடம், இரண்டு குழுவுக்கும் சேர்த்து 96.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கேள்வி "விற்பனையைக் கூட்டுவது எப்படி" என்று அகலமாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "ஒருமுறை வாங்கியவர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வர என்ன செய்யலாம்" என்று கேளுங்கள். இரண்டாவது, கையெழுத்து புரியாமல் அடுத்தவர் தாண்டிப் போய்விடுவார். ஒரு கட்டத்தில் பத்து வார்த்தைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது, மேலதிகாரி. அவரும் எழுதட்டும், ஆனால் தாளில் யாருடைய பெயரும் இருக்கக் கூடாது.

கேள்வி: 96ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? தேர்ந்தெடுக்கும்போது மறுபடி பழசுக்கே போய்விடுகிறோம்.

பதில்: எல்லாருக்கும் நேர்வதுதான். "நல்லதை எடுங்கள்" என்றால் செய்ய எளிதானதைத்தான் கை எடுக்கும். அன்றே தேர்வு செய்யாதீர்கள், ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஆளுக்கு ஆறு புள்ளி: மூன்று பச்சை, "உடனே செய்யலாம்" என்பதற்கு, மூன்று சிவப்பு, "கேள்விப்பட்டதே இல்லை, ஆனால் விடவும் மனசில்லை" என்பதற்கு. பேசாமல் வைக்க வேண்டும். பிறகு, சிவப்பு அதிகம் விழுந்த ஒன்றை எடுத்து, "இதைச் செய்யக்கூடியதாக்க எதை மாற்றணும்" என்று பதினைந்து நிமிடம் உட்காருங்கள். உருப்படியானது பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: வணக்கம். சிறிய பலகாரக் கடை வைத்திருக்கிறேன். முறுக்கு, தட்டை, சீடை தவிர புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

பதில்: உங்களுக்குக் கட்ட முறை சரியாக வரும். ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற சுவிஸ் வானியலாளர் பயன்படுத்திய வழி. பொருளை அதன் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்றுகளை எழுத வேண்டும். முறுக்குக்கு இப்படி:

மாவு – பச்சரிசி, கம்பு, கேழ்வரகு, சோளம்.
வடிவம் – சுற்று, குச்சி, பொத்தான் அளவு, தட்டையான வில்லை.
சுவை – எள்-ஓமம், பூண்டு-மிளகு, கறிவேப்பிலைப் பொடி, இஞ்சி-எலுமிச்சை.
வாங்கும் சூழல் – பள்ளி டப்பா, பேருந்துப் பயணம், தேநீரோடு, சீர்வரிசைத் தட்டு.

நான்கு நான்காக நான்கு வரிசை என்றால் 256 சேர்க்கை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். சீட்டுக் குலுக்கி வரிசைக்கு ஒன்றாக எடுத்து, இருபது சேர்க்கை எழுதுங்கள். "கம்பு, பொத்தான் அளவு, பூண்டு-மிளகு, பேருந்துப் பயணம்" என்று விழுந்தால் உடனே ஒரு பண்டம் கண்ணுக்குத் தெரிகிறது: ஒரு கையால் தின்னக்கூடியது, துணியில் உதிராதது, 50 கிராம் பொட்டலம். ஆறு ஆறாக ஆறு வரிசை என்று கூட்டிவிடாதீர்கள். 46,656 ஆகிவிடும், அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள்.

சேர்க்கை கிடைத்ததும் அடுப்பில் சோதிக்க வேண்டும். கம்பு மாவுக்கு இழுவை கிடையாது, தனியாகப் பிழிந்தால் உடையும். அரிசி மாவோ பொட்டுக்கடலை மாவோ சேர்த்தால் பிடிக்கும். கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்து வைத்த மாவு சீக்கிரம் கசப்பு தட்டும். கால் கிலோ மட்டும் அரைத்து அன்றே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆரி வேலை செய்கிறேன் அக்கா. டிசைனுக்காக பின்டரெஸ்ட் பார்த்துவிட்டு வரைந்தால் அதே மாதிரிதான் வருகிறது. பார்க்காமல் வரைந்தால் ஒன்றுமே வரவில்லை.

பதில்: வரிசையை மாற்றுங்கள் தங்கச்சி. முதலில் பார்த்த மாதிரி கையைக் கட்டிப்போடும். 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள், வடிவமைப்பு செய்பவர்களிடம் குறையுள்ள மாதிரிப் படத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குறைகளும் சேர்ந்தே அவர்களுடைய படங்களில் வந்தன. நல்ல கைகாரர்களுக்கும் இது நேரும்.

பின்டரெஸ்டைத் திறப்பதற்கு முன், தீப்பெட்டி அளவுக் கட்டம் பன்னிரண்டு போட்டு, கட்டத்துக்கு ஒரு நிமிடமாக நிரப்புங்கள். முதல் நான்கைந்தில் மாங்காயும் மயிலும் தாமரையும்தான் வரும், வரட்டும். கை சலித்த பிறகு ஏழு, எட்டிலிருந்து மாறத் தொடங்கும். அப்புறம் பாருங்கள், ஆனால் பிளவுஸ் படங்களை அல்ல. பலாப்பழத் தோலின் முள் வரிசை, முருங்கை இலைக் கொத்து, பத்தமடைப் பாயின் ஓரக்கரை என்று தள்ளியிருக்கும் பொருளாகப் பாருங்கள். அங்கிருந்து முழு உருவத்தை எடுக்காமல் ஒன்றே ஒன்றை எடுங்கள்: இடைவெளியோ, திரும்ப வரும் முறையோ, ஓரமோ.

கேள்வி: ஏழாம் வகுப்பு ஆசிரியை. "வித்தியாசமா யோசிங்க" என்றால் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

பதில்: அந்த வாக்கியத்தில் பிடிமானம் இல்லை, டீச்சர். கையில் பொருளைக் கொடுங்கள். ஒரு கொட்டாங்குச்சி போதும். "இதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்" என்று நான்கு நிமிடம். அகப்பை, கிண்ணம், உண்டியல் என்று வந்து நின்றுவிடும். நின்ற இடத்தில், பெயரை விட்டுவிட்டு அது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்: அரைக்கோளம், மூன்று கண், வெளியே நார், உள்ளே வழுவழுப்பு, மிதக்கும், எரியும், தட்டினால் ஒலிக்கும். கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு நிமிடம். "கண்" என்றதும் சொட்டு நீர் விடும் சட்டி வரும். "ஒலிக்கும்" என்றதும் தாளக்கருவி. மதிப்பெண் போட்டால் எண்ணிக்கைக்கு மட்டும் போடாதீர்கள். கிண்ணம், தட்டு, கோப்பை மூன்றும் ஒரே வகை, வகைகளை எண்ணுங்கள்.

கேள்வி: நடந்தால் யோசனை வரும் என்பது உண்மையா?

பதில்: உண்மை. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனையில், வெறும் சுவரைப் பார்த்து நடை எந்திரத்தில் நடந்தவர்களுக்கும் யோசனைகள் கூடின. ஆனால் ஒரே சரியான விடை உள்ள புதிர்களில் நடை உதவவில்லை, சற்றுக் குறையவும் செய்தது. யோசனை தேட நடங்கள், கணக்குப் பார்க்க உட்காருங்கள். போனில் குரல்பதிவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்; வீடு திரும்பி எழுதலாம் என்றால் பாதி போய்விடும்.

கேள்வி: சாட்ஜிபிடியிடமே கேட்டுவிட்டால் என்ன?

பதில்: கேளுங்கள், ஆனால் உங்கள் பட்டியலை முடித்த பிறகு. 2024இல் வெளியான ஓர் ஆய்வில், அதன் யோசனையைப் பெற்று எழுதியவர்களின் கதைகள் தனித்தனியாக மேம்பட்டன. ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. பக்கத்துக் கடைக்காரரும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார். அதனிடம், "என் இருபது யோசனையில் எந்த வகை விடுபட்டிருக்கிறது" என்று கேளுங்கள். அந்த வகையை எடுத்துக்கொண்டு, அதில் ஐந்தை நீங்களே எழுதுங்கள்.