கதவுக்கு வெளியே நிற்பதும் உள்ளே உட்காருவதும் – வாசகர் கேள்வி-பதில்

சமாதான முயற்சிகளில் பெண்களின் பங்கு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கே: சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களே உட்கார்ந்து பேசி முடித்தால் போதாதா? பெண்களையும் கூப்பிட வேண்டும் என்பது ஒரு சம்பிரதாயம் மாதிரித்தானே இருக்கிறது? – கல்லூரி மாணவர்

ப: போதாது. துப்பாக்கி வைத்திருக்கிற இரண்டு தரப்பும் மட்டும் பேசினால் எந்தப் படை எங்கே நிற்கும், எல்லை எது, யாருக்கு எந்த அமைச்சுப் பதவி என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதுவும் தேவைதான். ஆனால் சண்டை நின்று ஊர் திரும்புகிற குடும்பத்துக்கு வேறு கவலைகள் இருக்கின்றன. ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கணவரைக் காணவில்லை, உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது, அதனால் இறப்புச் சான்றிதழ் கிடையாது. வீடும் நிலமும் அவர் பெயரில். சான்றிதழ் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது, பெயர் மாறாமல் வீடு கட்ட உதவித்தொகை வராது. சரி, சான்றிதழ் வாங்கிவிடலாம் என்றால் அவர் இறந்துவிட்டதாக அவளே கையெழுத்துப் போட்டது போலாகிவிடும், அதன் பிறகு அவரைத் தேடச் சொல்லி எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது? போர் நடந்த பல நாடுகளில் பெண்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாக எழுத வைக்க, இதை அனுபவித்தவரோ அவர்களோடு வேலை செய்தவரோ அந்த அறையில் இருந்தாக வேண்டும்.

இப்போது யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐ.நா. பெண்கள் அமைப்பு எடுத்த கணக்குப்படி, 1992 முதல் 2019 வரை நடந்த முக்கியமான சமாதானப் பேச்சுகளில், பேச்சுக் குழுக்களில் இருந்தவர்களில் சுமார் 13 சதவீதம்தான் பெண்கள். மத்தியஸ்தர்களில் 6 சதவீதம், கையெழுத்திட்டவர்களிலும் அதே 6. ஆண்கள் மட்டும் பேசிப் பார்ப்பதைத்தான் உலகம் இத்தனை வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறது.

கே: பெண்களுக்கு இயல்பிலேயே பொறுமையும் அன்பும் அதிகம். அதனால்தானே அவர்கள் சமாதானத்துக்குத் தேவைப்படுகிறார்கள்? – ஓய்வுபெற்ற ஆசிரியை

ப: இந்தக் காரணத்தை நிறையப் பேர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள், ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை அம்மா. கொலம்பியாவின் ஃபார்க் கெரில்லாப் படையில் கணிசமான பங்கு பெண்களாக இருந்தார்கள். ஆயுதம் ஏந்திய பெண்களைத் தமிழ் வாசகர்களுக்கு நான் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதுமில்லை. தாய்மை, பொறுமை என்று புகழ்ந்து உள்ளே கூப்பிட்டால், உள்ளே போய்க் கோபமாக ஒரு கேள்வி கேட்கிற பெண்ணை அதே புகழ்ச்சியை வைத்தே அடக்கிவிடலாம், 'ஒரு பெண் இப்படிப் பேசலாமா' என்று. பேசப்படுவது அவர்களுடைய வாழ்க்கை, அவர்கள் மக்களில் பாதிப் பேர். இந்தக் காரணமே போதும்.

கே: 1325 என்கிறார்களே, அது என்ன? தேர்வுக்குப் படிக்கிறேன், கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். – வாசகி

ப: 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தின் எண் அது. அந்த மாதம் சபைக்குத் தலைமை வகித்தது நமீபியா. போரைத் தடுப்பது, பேசி முடிப்பது, பிறகு நாட்டைத் திரும்பக் கட்டுவது ஆகிய எல்லாக் கட்டத்திலும் பெண்களுக்கு முடிவெடுக்கும் இடம் வேண்டும், போர்க்காலப் பாலியல் வன்முறையிலிருந்து அவர்களைக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். பங்கேற்பு, பாதுகாப்பு, தடுப்பு, நிவாரணமும் மீட்பும் என்று நான்கு தூண்களாகப் பிரித்துச் சொல்வார்கள், தேர்வுக்கு அதை எழுதுங்கள். இதை நடைமுறைப்படுத்தத் தேசியச் செயல்திட்டம் போட்ட முதல் நாடு டென்மார்க், 2005இல். இப்போது நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் அப்படியொரு திட்டம் வைத்திருக்கின்றன.

தீர்மானம் வந்து 15 ஆண்டுகளில் என்ன நடந்தது என்று உலக அளவில் ஒரு பெரிய ஆய்வறிக்கை தயாரானது. அதற்குத் தலைமை ஏற்றவர் இலங்கையைச் சேர்ந்த ராதிகா குமாரசுவாமி. பெண்கள் பங்கெடுத்த ஒப்பந்தங்கள் குறைந்தது 15 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம் என்ற கணக்கு அந்த அறிக்கை வழியாகத்தான் பரவலாகத் தெரிய வந்தது. பெண்களைக் கூப்பிடுகிற அளவுக்கு மனம் விரிந்த நாடுகளில் ஒப்பந்தம் எப்படியும் நிலைத்திருக்கலாம் என்று வாதாட இடமிருக்கிறது, அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நான் பிடித்துக்கொள்ள மாட்டேன்.

தீர்மானத்தின் பெரிய குறை, மீறினால் தண்டனை இல்லை. செயல்திட்டம் அச்சிட்ட நாடுகள் பல அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கவும் இல்லை.

கே: பெண்கள் சேர்ந்து உண்மையிலேயே ஒரு போரை நிறுத்தியிருக்கிறார்களா? கதையாக இல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். – அரசு ஊழியர்

ப: தனியாக நிறுத்தினார்கள் என்று சொன்னால் அது கதையாகிவிடும். நிறுத்தியதில் பெரிய பங்கு இருந்தது என்று மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவைச் சொல்லலாம். 2003இல் தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தைக்குப் பக்கத்துத் திடலில், அதிபர் சார்லஸ் டெய்லரின் கார்கள் போகிற வழியில், கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில் நாள்தோறும் வந்து உட்கார்ந்தார்கள். லேமா குபோவி அதில் முன்னால் நின்றவர். பிறகு கானாவின் அக்ரா நகரில் அரசுக்கும் கிளர்ச்சிக் குழுக்களுக்கும் பேச்சு தொடங்கியது, ஆனால் வாரக்கணக்கில் இழுத்தது, ஓட்டலில் தங்கியிருந்த தலைவர்களுக்கு அவசரம் எதுவும் இல்லை, ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜூலையில் ஒருநாள் இந்தப் பெண்கள் பேச்சு நடந்த அறையின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து வழியை மறித்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் முடிவுக்கு வராமல் வெளியே விடமாட்டோம் என்றார்கள். காவலர்கள் குபோவியைக் கைது செய்ய வந்தபோது தன் உடையைக் களையப் போவதாகச் சொல்லி அவர் அதைச் செய்யவும் தொடங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு தாய் தானாக அப்படிச் செய்வது பார்ப்பவர்களுக்குப் பெரிய சாபம், காவலர்கள் பின்வாங்கினார்கள். மத்தியஸ்தராக இருந்த நைஜீரியாவின் ஜெனரல் அப்துல்சலாமி அபுபக்கர் வெளியே வந்து அவர்களோடு பேசினார். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஆயுத ஒப்படைப்பு குழம்பிப்போனபோது போராளிகளிடம் போய்ப் பேசினார்கள், அடுத்த தேர்தலுக்காகப் பெண்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய வைத்தார்கள். 2005இல் எலன் ஜான்சன் சர்லீஃப் வென்றார், ஆப்பிரிக்காவில் வாக்கெடுப்பில் வென்று நாட்டுத் தலைவரான முதல் பெண். 2011இல் நோபல் அமைதிப் பரிசு ஏமனின் தவக்குல் கர்மானோடு சேர்த்து குபோவி, சர்லீஃப் இருவருக்கும் கிடைத்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள், அக்ராவில் அந்தப் பெண்கள் கதவுக்கு வெளியேதான் இருந்தார்கள். உள்ளே போனவர்கள், கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் பல பத்தாண்டுகளாக மோதல் நடந்த வட அயர்லாந்தின் பெண்கள். 1996இல் அமைதிப் பேச்சுக்கு ஆள் அனுப்ப அங்கே தேர்தல் வைத்தார்கள், முதல் பத்து இடம் பிடிக்கும் கட்சிகளுக்குத் தலா இரண்டு கூடுதல் இடம் என்று விதி. இருக்கிற கட்சிகள் பெண்களைப் போதிய அளவில் நிறுத்த முன்வரவில்லை என்றதும் கத்தோலிக்கப் பெண்களும் புராட்டஸ்டண்ட் பெண்களும் சேர்ந்து சில வாரங்களில் பெண்கள் கூட்டணி என்று ஒரு கட்சியையே ஆரம்பித்தார்கள். வாங்கியது சுமார் ஒரு சதவீத வாக்கு, அது போதுமாக இருந்தது. மோனிகா மக்வில்லியம்ஸும் பேர்ல் சாகரும் உள்ளே போனார்கள், மற்ற உறுப்பினர்கள் சிலர் மாடு மாதிரிக் கத்திக் கேலி செய்வதையும் சகித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1998 ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவி, இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள் ஆகியவை இடம் பிடித்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. விதியைப் படித்துப் பார்த்து அதிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்களே, அந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கே: இலங்கையில் இப்படி எதுவும் முயற்சி நடந்ததா? – புலம்பெயர்ந்த வாசகி

ப: நடந்தது, பலர் மறந்துவிட்டார்கள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு பேச்சில் ஈடுபட்டவர்கள் அநேகமாக ஆண்களே என்ற விமர்சனம் எழுந்தது. பாலின விவகாரங்களுக்கான துணைக்குழு ஒன்று அமைத்தார்கள். அரசு, விடுதலைப் புலிகள் என இரு தரப்பிலிருந்தும் தலா ஐந்து பெண்கள், நோர்வே சார்பில் அஸ்ட்ரிட் ஹைபர்க் உதவிக்கு. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடிப் பேசினார்கள். மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியலில் இடம் என்று தலைப்புகளையும் முடிவு செய்தார்கள். அடுத்த மாதமே பேச்சுவார்த்தை நின்றது, குழுவும் அதோடு போயிற்று. தாமதமாக வந்தது என்பதைவிட, பிரதான பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்குழுவாக வைத்ததுதான் என் மனக்குறை. பிரதான மேசை கவிழ்ந்தால் தானும் கவிழ்கிற இடத்தில் அவர்களை உட்கார வைத்தார்கள்.

முதல் பதிலில் சொன்ன அந்தப் பெண்ணையும் அங்கே பார்க்கலாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காகத் தொடர்ந்தது. பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய்மார் அதில் பலர்.

கே: முதலில் போர் நிற்கட்டும். பெண்ணுரிமையையும் அதே நேரத்தில் கொண்டுவந்தால் எதிர்ப்பு வந்து மொத்தமும் கெட்டுவிடாதா? – வாசகர்

ப: எதிர்ப்பு வரும், அது உண்மை. கொலம்பிய அரசும் ஃபார்க் படையும் கியூபாவின் ஹவானாவில் நடத்திய பேச்சுவார்த்தைக்குள்ளேயே 2014இல் பாலினத் துணை ஆணையம் அமைத்தார்கள், பெண்கள் அமைப்புகளை அங்கேயே வரவழைத்துக் கேட்டார்கள். 2016 அக்டோபர் வாக்கெடுப்பில் ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றதற்கு, 'இது குடும்பத்தைக் கெடுக்கும்' என்ற பிரசாரமும் ஒரு காரணம். ஆனால் கைவிடவில்லை, சொற்களைத் திருத்தி நவம்பரில் மறுபடி கையெழுத்திட்டார்கள். போர்க்காலப் பாலியல் வன்முறைக்குப் பொதுமன்னிப்பு கிடையாது என்ற பிரிவு நிலைத்தது.

'அப்புறம் பார்க்கலாம்' என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவும் தாலிபானும் தோஹாவில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆப்கான் தரப்புகளே தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அந்தப் பேச்சுக்கு ஆப்கான் அரசு அனுப்பிய 21 பேரில் 4 பேர் பெண்கள், தாலிபான் குழுவில் ஒருவரும் இல்லை. 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தது. அந்த 'அப்புறம்' வரவே இல்லை, இன்று அங்கே பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு பள்ளிக் கதவு அடைக்கப்படுகிறது.

கே: இட ஒதுக்கீடு கொடுத்தால் சரியாகிவிடுமா?

ப: எண்ணிக்கை சரியாகும். இனப்படுகொலையைக் கண்ட ருவாண்டா 2003 அரசியல் சட்டத்தில் 30 சதவீதம் என்று எழுதியது, 2008இல் அதன் நாடாளுமன்றக் கீழவையில் பெண்களே பாதிக்கு மேல். ஆனால் எதிர்க்கட்சிக்குப் பேச இடமில்லாத நாட்டில் ஆணானாலும் பெண்ணானாலும் உறுப்பினர் என்ன பேசிவிட முடியும்? ஒதுக்கீடு வேண்டும், அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

கே: எங்கள் பகுதியில் இரண்டு சமூகங்களுக்கு இடையே கைகலப்பு நடந்து, சமாதானக் குழு போட்டிருக்கிறார்கள். பெண் நான் ஒருத்திதான். கூட்டம் ராத்திரியில் வைக்கிறார்கள், நான் சொல்வதை யாரும் எழுதிக்கொள்வதில்லை, ஆனால் கடைசியில் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். விலகிவிடலாமா? – பெயர் வேண்டாம்

ப: உடனே விலகாதீர்கள், ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் மற்ற சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணையாவது குழுவில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தனியாக இருக்கிற ஒரு பெண் சொன்னால் அது 'அவள் கருத்து', இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே விஷயத்தைச் சொன்னால் தட்டிக்கழிப்பது கஷ்டம். குழுவில் உங்களை மதிக்கிற ஆண் ஒருவராவது இருப்பார். நீங்கள் பேசியதும் 'இவர் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லும்படி அவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆண்கள் என்ன செய்யலாம் என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் இதுதான் பதில். நேரத்தைப் பகலுக்கு மாற்றச் சொல்லுங்கள், குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஒரு அறையும் போக்குவரத்துச் செலவும் கேளுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், பெண்கள் வராமல் போவதற்கு இவையும் ஒரு பெரிய காரணம்.

கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். இரண்டு சமூகத்துப் பெண்களிடமும் தனித்தனியாகப் போய், பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்குப் போகப் பயப்படுகிறார்கள், எந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வாய்த்தகராறு வருகிறது, வதந்தி யார் வழியாகப் பரவுகிறது என்று கேளுங்கள். இந்தத் தகவல் குழுவில் வேறு யார் கையிலும் இருக்காது. மூன்று கோரிக்கையாகச் சுருக்கி எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மிரட்டல் வந்தால் தேதியோடு குறித்து வையுங்கள், குடும்பத்துக்கும் குழுத் தலைவருக்கும் சொல்லுங்கள், தனியாகப் போய் வராதீர்கள். உங்கள் உயிரைப் பணயம் வைத்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கக் கூடாது, நானும் கேட்க மாட்டேன்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நீங்கள் சொன்னது குறிப்பில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள், அல்லது 'இந்தக் கோரிக்கைகள் சேர்க்கப்படவில்லை' என்று கீழே எழுதி அதன் அடியில் போடுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் இரண்டு மூன்று கூட்டம் அதே மாதிரிதான் போகிறது என்றால், காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். இரண்டு பக்கத்துப் பெண்களையும் ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள், அவர்களை வைத்தே ஒரு குழு தொடங்கலாம்.